சாம்பிள் கால்

எங்கள் செருப்புக் கடையில் கண்ணாடிகள் எல்லாம் தரையை ஒட்டித்தான் இருக்கும். முழங்காலுக்கு மேலே ஒன்றும் தெரியாது. பின்பக்க ஸ்டாக் அறையில் ஏணி மேல் நின்று பெட்டி எடுத்துக் கொடுப்பது என் வேலை. கதவு திறந்திருந்தால் என் கண்ணில் முதலில் படுவது அந்தக் கண்ணாடிகள்தான். கால்கள் வரும், தயங்கும், திரும்பும், போய்விடும். மழை நாளின் மங்கல் வெளிச்சத்தில் பார்த்தால், ஆட்களே இல்லாமல் கால்கள் மட்டும் குடியிருக்கும் ஏதோ ஒரு ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். இருபத்துநாலு வருடமாக நான் அந்த ஊரில்தான் பாதி நேரம் இருக்கிறேன்.

அதில் என் அண்ணியின் கால் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவளுக்கு வேலை கடையின் முன்பக்கம். புது மாடல் வந்தால் முதலாளி, "போட்டு நடந்து காட்டும்மா" என்பார். வாசல் பக்கத்திலிருந்து கல்லா வரைக்கும் பதினெட்டு எட்டு. அவள் நடக்க ஆரம்பித்தால் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள். தரைக்கு வலிக்காமல் நடப்பாள். எனக்குப் பொறாமைதான், அதை மறைப்பானேன்.

கம்பெனிகள் அனுப்பும் சாம்பிள் ஜோடி எப்போதும் ஐந்தாம் நம்பர்தான். சின்னதாக இருந்தால்தான் அலமாரியில் எடுப்பாக இருக்குமாம். சீசன் முடிந்ததும் அந்த ஜோடி, கடையில் யார் காலுக்குச் சேருகிறதோ அவர்களுக்கே. பத்தொன்பது வயதில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று அளவுப் பலகையில் ஏற்றி நிறுத்தினார்கள். அளந்து வைத்தாற்போல ஐந்து. அன்றிலிருந்து அவள் பெயரே சாம்பிள். அவளை என் அண்ணனுக்குப் பேசி முடித்தவளும் நான்தான். 'வாடி போடி' போய் 'அண்ணி' வந்தது, மற்றபடி ஒன்றும் மாறவில்லை.

நாங்கள் மூன்று பேரும் ஒரே வீடு. வேன் ஓட்டும் அண்ணன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "மக ஹாஸ்டலுக்குப் போனப்புறம் வீட்ல இருக்கிறது ஆறு கால். செருப்பு மட்டும் அறுபது" என்பான். அண்ணி சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றையும் துடைத்து வைப்பாள்.

புது ஜோடி எதுவானாலும் முதல் நாள் அவளுக்குக் காலை இறுக்கும். "கொஞ்சம் கடிக்குதுடி" என்பாள். நான் ஏணியிலிருந்தே, "போடப் போட விட்டுக்கொடுக்கும்" என்பேன். கடைக்கு வருகிற எல்லாரிடமும் நாங்கள் சொல்கிற வசனம் அது. தோல் விட்டுக்கொடுக்கும், சாம்பிள் பாதியும் ரெக்சின், அது எங்கே விட்டுக்கொடுக்கப்போகிறது? எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வாய்ப் பழக்கத்தில் ஊருக்குச் சொன்னதை எங்களுக்கும் சொல்லிக்கொண்டோம்.

இரண்டு வருடமாக அவளுக்கு வலி. எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். விடிகாலையில் கட்டில் கிரீச்சிடும். பிறகு உள்ளங்கையால் சுவரைப் 'பட்' என்று பிடிக்கிற சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு 'ம்ம்'. அதற்கப்புறம்தான் முதல் எட்டு. சுவரில் அவள் கை படும் இடம் மட்டும் கறுத்துப்போயிருந்தது. குதிகாலில் ஆரம்பித்து முழங்கால், இடுப்பு, முதுகு என்று வலி மாடி மாடியாக ஏறியது. அண்ணன் மெத்தையை மாற்றினான். தலையணையை மாற்றினான். இடுப்புக்கு பெல்ட் வாங்கி வந்தான். டாக்டர் முதுகைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நின்று வேலை பார்க்கக் கூடாது என்றார். அத்தனை தடவை போனோமே, செருப்பைக் கழற்று என்று அந்த மனிதர் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்கள் மட்டும் என்ன வாழ்ந்தோம்? நாளெல்லாம் கால்களையே பார்த்துப் பிழைக்கிற வீட்டில் அவள் காலை யாரும் பார்க்கவில்லை.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. நல்ல மனுஷன். "அடுத்த மாசத்திலிருந்து கல்லாவுல உட்காந்துக்கோம்மா" என்றார். அன்று பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம் திரும்பி அழுதாள். ஒரே ஒரு ஸ்டாப்புக்குப் பஸ். முன்பெல்லாம் கதை பேசிக்கொண்டே நடந்து போவோம்.

"உட்காந்தா சம்பளம் குறையாதுல்ல" என்றேன்.

"சம்பளத்தை யாருடி கேட்டா? அந்த நடை போயிடும். அதுல மட்டும்தான் நான் யாரோ மாதிரி இருக்கேன்."

அவளுக்கு ஒரு கனவு அடிக்கடி வரும். கடைத் தரை நீண்டுகொண்டே போகுமாம். இரண்டு பக்கமும் செருப்புப் பெட்டிகள் வீடுவீடாக நிற்குமாம். அவள் வெறுங்காலோடு நடப்பாளாம், தரை குளுகுளுவென்று இருக்குமாம், வலி என்றால் என்னவென்றே ஞாபகம் வராதாம். "கண்ணாடியில பாப்பேன். யார் காலோ நடந்து வரும். அகலமா, அழகா. என்னுதுன்னு தோணவே தோணாது" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் குரலே தூக்கத்திலிருந்து வருகிற மாதிரி இருக்கும்.

அந்த மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கடையில் ஒரே ஒரு ஆள், பஸ் கண்டக்டரம்மா. காக்கிச் சட்டை நனைந்திருந்தது. ஐந்தாம் நம்பர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். அண்ணி அவர் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, அளவுப் பலகையை நகர்த்தினாள்.

"ஏறி நில்லுங்க மேடம். உட்காந்து அளந்தா பாதம் சின்னதாதான் காட்டும். நிக்கிற வேலை பாக்குறவங்களுக்கு வருஷம் போகப் போகப் பாதம் பரந்துடும். நீங்க ஏழு."

"கல்யாணத்தப்ப அஞ்சுதாங்க. நீங்க என்ன நம்பர்?"

"அஞ்சு."

"நீங்களும் நாளெல்லாம் நிக்கிறவங்கதானே? உங்க கால் மட்டும் பரந்துடாதா? ஏறுங்க பாப்போம்" என்று கண்டக்டரம்மா விளையாட்டாக அவளைக் கைகொடுத்து எழுப்பினார்.

அண்ணியும் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். கண்ணாடியில் எனக்கு அவள் வெறுங்கால் தெரிந்தது. சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் போய் ஒளிந்திருந்தது. பெருவிரல் உள்பக்கம் சாய்ந்திருந்தது. ஓரமெல்லாம் காய்ப்பு. கண்டக்டரம்மா குனிந்து பலகையைப் படித்தார். "ஆறைத் தாண்டிடுச்சு. உங்களுக்கும் ஏழுதான் வேணும்."

"பலகை பழசு மேடம்" என்றாள் அண்ணி. அவர் போனதும் நேராக ஸ்டாக் அறைக்கு வந்து பலகையைத் தரையில் போட்டாள். "ஏறுடி." ஏறினேன். என் நம்பர் எட்டு. பலகை எட்டு என்றே காட்டியது. அதற்கப்புறம் அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை, ஏதோ பலகையை நான் செய்து விற்ற மாதிரி. எனக்கும் கோபம்தான், ஆனால் என் மேலேயே. 'விட்டுக்கொடுக்கும்' என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாள் புது மாடல் வந்தது. குறுகின முனை, பளபளவென்று. கடை நிறைய ஆட்கள். "நடந்து காட்டும்மா" என்றார் முதலாளி. அண்ணி அந்தச் சாம்பிளைக் கையில் எடுத்தாள். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அலமாரியிலேயே வைத்துவிட்டாள்.

"எனக்கு அஞ்சு சேராது சார்."

"என்னம்மா சொல்றே? நீதானே சாம்பிள்?"

"இப்ப ஏழு." அவள் திரும்பி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏழு எடுத்துக் குடு. முன்பக்கம் அகலமா, குதிகால்ல மெத்துனு இருக்கிறதா பாத்து எடு."

எத்தனையோ ஆயிரம் பெட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவளுக்காக நான் எடுத்த முதல் பெட்டி அதுதான். அழகே இல்லாத பழுப்பு ஜோடி. அவள் போட்டுக்கொண்டு பதினெட்டு எட்டும் நடந்தாள். யாரும் வாயை மூடவில்லை. ஒருத்தி விலை கேட்டாள், அவ்வளவுதான். முதலாளி மெதுவாக, "ஏழுல நடந்தா மாடலோட எடுப்பு தெரியாதும்மா. நடக்கிறது வேண்டாம், விடு" என்றார். அவள் தலையாட்டினாள். கல்லா வேண்டாம், நின்றே விற்கிறேன் என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதாவது எதற்காக வலியைத் தாங்கினாளோ அது போய்விட்டது. வலியும் உடனே ஓடிவிடவில்லை. இந்தத் தடவை டாக்டர் காலைப் பார்த்தார். குதிகாலுக்கு நாளாகும், அவசரப்படாதீர்கள் என்றார். சாயங்காலங்களில் அவள் தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் உருட்டிக்கொண்டு, பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அண்ணன் கட்டிலுக்கு அடியிலிருந்த செருப்புகளை மூட்டை கட்டும்போது அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு மாதம் இருக்கும். விடிகாலை, நான் அடுப்பில் டீ வைத்திருந்தேன். கட்டில் கிரீச்சிட்டது. அடுத்து வரவேண்டிய சத்தத்துக்காக என் உடம்பு பழக்கத்தில் இறுகியது. 'பட்' வரவில்லை. 'ம்ம்' வரவில்லை. வெறும் காலடிச் சத்தம் மட்டும், ஒன்று, இரண்டு, மூன்று. தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே வந்து, டம்ளரை எடுத்துக் கழுவினாள்.

"அண்ணி. நீ சுவத்தைப் பிடிக்கல."

அவள் டம்ளரோடு நின்றாள். குனிந்து தன் காலைப் பார்த்தாள். அதற்குள் அண்ணன் போர்வையோடு அறை வாசலுக்கு வந்துவிட்டான். அவனும் அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்துக்கிடந்திருக்கிறான். அவள் டம்ளரை வைத்துவிட்டுப் பழையபடி கட்டிலருகே போனாள். அங்கிருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"நடந்து காட்டவா?" என்றாள்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கட்டிலிலிருந்து அடுப்படி வரைக்கும் பதினொரு எட்டுதான் வரும். அவள் வெறுங்காலோடு நடந்து வந்தாள்.