மூத்தவர் படியிறங்கிய ஞாயிறு

என் வீட்டுக்காரர் ஸ்தாமெனைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுஷன்" என்பார்கள். கூடக் குடித்தனம் நடத்துகிறவள் நான், என்னைக் கேளுங்கள். பிடிவாதத்தில் கழுதை அவரிடம் தோற்றுப்போகும். மற்றபடி தங்கம்தான், மறுக்கவில்லை.

அந்தக் காலத்தில் ரயில்வே கேட்டில் வேலை. ஒரு பனிமூட்டக் காலையில் கண்ணயர்ந்து, கேட்டை மூடாமல் விட்டுவிட்டார். எங்கள் ஊர் வெலிக்காவின் வண்டி தண்டவாளத்தில் ஏறியது. ரயில் மோதி அவளுடைய வலது கால் முழங்காலோடு போயிற்று. இவர் வேலை போய், ஜெயிலுக்கும் போய், பாதி ஆளாகத் திரும்பி வந்தார்.

வந்த வாரமே சீஸ் ஞாயிறு, நோன்புக்கு முன் பாலும் சீஸும் சாப்பிடக் கடைசி நாள். மறுநாள் தவக்காலம் தொடங்கும். இளையவர்கள் மூத்தவர்கள் வீட்டுக்குப் போய்க் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்பார்கள். "கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிச்சேன்" என்று மூத்தவர்கள் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு எவர் வரப்போகிறார் என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கட்டைக்கால் சத்தம் கேட்டது. வெலிக்கா! இவரைவிட இளையவள்.

"ஸ்தாமெண்ணே, ஆஸ்பத்திரில கெடந்தப்போ தெனமும் உங்கள வாய்க்கு வந்தபடி சபிச்சேன். நாசமாப் போகணும்னு மெழுகுவத்திகூட ஏத்துனேன். மன்னிச்சிருங்க."

கால் போனவள், அதைப் போக்கியவரிடம் கேட்கிறாள்! இவர் அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"ஐயோ, நீ எங்கிட்ட கேக்குறதா?"

"பின்னே? நீங்க மூத்தவரு, நான்தான் வரணும். உங்கள மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. ஆண்டவர் எனக்கு மன்னிச்சதுக்கு முன்னாடி இது எம்மாத்திரம்? அழுதது போதும், சொல்ல வேண்டியதச் சொல்லுங்கண்ணே."

அன்றைக்கு எங்கள் வீட்டில் இறங்கிய பாரம் எனக்குத்தான் தெரியும். அதன் பிறகு வெலிக்காவுக்குக் குளிர்கால விறகு பிளந்து அடுக்குவது இவர் வேலை ஆனது.

இப்படி மன்னிப்பு வாங்கிய மனுஷன்தான் நய்டெனிடம் கல்லாகிப்போனார். நய்டென் எதிர்வீட்டுக்காரன். அவன் கல்யாணத்துக்குச் சாட்சியாக, ஞானத்தகப்பனாக நின்றதே இவர்தான். சீஸ் ஞாயிறு பொழுது சாய்ந்ததும் வாலிபர்கள் மேட்டில் ஏறி, மனசுக்குப் பிடித்தவள் வீட்டுப் பக்கம் நெருப்பு அம்பு விடுவார்கள். போன வருஷம் இவனும் விட்டான், கட்டின பெண்டாட்டிக்கே! கூத்தைப் பாருங்கள். அம்பு அவன் கூரையைத் தாண்டி எங்கள் வைக்கோல் கொட்டகையில் விழுந்தது. உள்ளே சினைப்பசு. காப்பாற்ற முடியவில்லை. இவர் பிள்ளை மாதிரி வளர்த்த மாடு. நய்டென் காலில் விழுந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்கு நின்றவர்தான் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும் நிற்க வேண்டும். அவர் வாயால் விட்டுக்கொடுக்காமல் வேறு ஆளைத் தேட முடியாது. இவர் நிற்கவும் மாட்டார், விடவும் மாட்டார். குழந்தைக்கோ இளைப்பு. ஞானஸ்நானம் ஆகாமல் ஏதாவது ஆகிவிட்டால் என்று அதன் தாய் ஸ்வெத்தா அழாத நாளில்லை.

"அந்தப் பச்சப்புள்ளயா உம்ம மாட்டக் கொளுத்துச்சு?" என்று நான் கத்தினேன்.

"வாய மூடு டெனா."

மூடுவேனா நான்?

இந்த வருஷ சீஸ் ஞாயிறு காலையில் நய்டென் வாசல்வரை வந்தான். இவர் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார். மத்தியானம் வெலிக்கா வழக்கம்போல வந்து கையை முத்தமிட்டு, "மன்னிச்சிருங்கண்ணே" என்றாள்.

"கடவுள் மன்னிப்பார்" என்றார். "நானும் மன்னிச்சேன்" என்ற மீதி வரவில்லை.

"என்னண்ணே, தொண்டையில ஏதும் சிக்கிக்கிச்சா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன் வெலிக்கா? உன் காலுக்கே எனக்கு மன்னிப்புக் கெடச்சிருச்சு. ஒரு மாட்டுக்கு அவனுக்கு நான் குடுக்கலியே!"

தொப்பிகூடப் போடாமல் எழுந்து தெருவைக் கடந்தார். மூத்தவர் இளையவன் வீட்டுக்குப் போவதா? எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. நய்டெனின் அம்மாவுக்குப் பயத்தில் பாதி உயிர் போய்விட்டது.

"அடிக்க வர்றாருடா, ஓடு!"

அவன் ஓடிப்போய்க் கோழிக் கொட்டகைக்குள் புகுந்துகொண்டான். இவர் அதன் முன்னால், அந்த எச்சத்திலேயே, மண்டியிட்டார்.

"டேய் நய்டென், என்னைய மன்னிச்சுக்கடா."

"நீங்க மூத்தவரு... நான்தானே மாமா கேக்கணும்?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"கேக்க வந்தவன நான் எங்கடா விட்டேன்? உன்னைய மன்னிச்சாச்சு. நீயும் சொல்லித் தொலை, முட்டி வலிக்குது!"

தலையெல்லாம் கோழி இறகோடு வெளியே வந்து, இவரைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சேன் மாமா" என்றான். "சாமியாருக்குச் சொல்லி அனுப்பு, ஞானஸ்நானத்துக்கு நான் நிக்கிறேன்" என்று இவர் சொன்னதும் ஸ்வெத்தா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து வந்து குழந்தையை இவர் கையில் கொடுத்தாள்.

இவர் அதைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் சமையலறைக்கு வந்தார். வெலிக்கா இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

"நானும் மன்னிச்சேன் வெலிக்கா" என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் தலை நிமிர்ந்து சொன்னது அன்றைக்குத்தான்.