நீல நாற்காலியில் இரண்டு மணி நேரம்

ஆணி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அண்ணன்தான். நான்கு வயதில், ஒரு சிவப்புச் செருப்புக்காகக் கடைத்தெரு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா தூக்கிப் பார்த்தார், அம்மா கெஞ்சிப் பார்த்தாள். அசையவில்லை. "இவளத் தரையோட சேத்து ஆணி அடிச்சிருக்கா என்ன?" என்று அண்ணன் கேட்டதிலிருந்து வீட்டில் அவள் ஆணிதான். செருப்பும் வந்து சேர்ந்தது.

இப்போது ஆணிக்கு முப்பது தாண்டிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தரை துடைக்கிறாள். அவள் துடைத்துவிட்டுப் போன வராந்தாவில் மேலே எரிகிற விளக்கு கீழேயும் எரியும். அண்ணன் கண்ணாடி பொருத்துகிறவன். பளபளப்பு என்று எதையும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டான். அவனே அந்த வராந்தாவைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தான்.

மூத்த பையன் வயிற்றில் இருந்தபோதே அவளுக்கு, கர்ப்பிணிகளுக்குச் செய்கிற சர்க்கரைப் பரிசோதனை ஒருமுறை நடந்தது. வெறும் வயிற்றோடு போக வேண்டும். குளுக்கோஸ் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவிலும் முடிவிலும் ரத்தம் எடுப்பார்கள். ஆனால் அன்றைக்கு அவள் உட்காரவில்லை. "சும்மாதானே இருக்கே, அந்த வராந்தாவ மட்டும் ஒரு இழுப்பு இழுத்துட்டு வந்துடு" என்றாள் சூப்பர்வைசர் மேடம். ஒரு வராந்தா இரண்டானது. இரண்டாவதை முடிக்கும்போது மாடிப்படியும் கூடச் சேர்ந்துகொண்டது. ரிசல்ட் நன்றாகத்தான் வந்தது. பிரசவத்தன்று குழந்தையின் தலை வந்தது, தோள் வரவில்லை. பிள்ளை அவ்வளவு பெரியவன். மாட்டிக்கொண்டவனை ஒருவழியாக வெளியே எடுத்தபோது தோள்பட்டைக்கு மேலே ஒரு சின்ன எலும்பு முறிந்திருந்தது. எலும்பு சீக்கிரமே கூடிவிட்டது. அழாமல், நீலம் பாரித்து அவன் கிடந்த அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் ஆணியின் மனசை விட்டுப் போகவில்லை.

இரண்டாவது முறை உண்டானபோது டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"வேலை செஞ்சா உடம்பு அந்தச் சர்க்கரைய எரிச்சிடும்மா. அளவு கம்மியாக் காட்டியிருக்கலாம். அம்மாவுக்குச் சர்க்கரை கூடினா வயித்துல புள்ளையும் பெருத்துடும். அதனாலதான் அப்படி ஆச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்தத் தடவை உக்காந்தே இருங்க."

"உக்காந்தே இருக்கேன்" என்றாள் ஆணி. அவள் அப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும்.

ஆறாம் மாதம் முடிந்ததும் நாள் குறித்தார்கள். ஆணியின் கணவர் வீட்டில் இருந்து பையனைப் பார்த்துக்கொள்ள, அண்ணன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் துணைக்கு வந்தான். முந்தின ராத்திரியே பை கட்டிவிட்டான். தண்ணீர் பாட்டில், துண்டு, வாந்தி வந்தால் மாற்றிக்கொள்ள ஒரு துணி, எல்லாம் முடிந்த பிறகு சாப்பிட அவித்த முட்டையும் ரொட்டியும், ஒரு எலுமிச்சம்பழம்.

"அண்ணா, நாம என்ன மலை ஏறவா போறோம்?"

"நீ வா பேசாம. கண்ணாடி தூக்குறவனுக்குக் கையுறை இல்லாம கால் நகராது."

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவள் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. காலையில் கணவர் டீ போட்ட வாசனைக்கு மட்டும் கொஞ்சம் முகத்தைச் சுளித்தாள். தன் யூனிஃபார்மை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, பச்சைப் பூப்போட்ட உடுப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

லேப் வாசலில் சுவரோரமாக நீல நாற்காலிகள் வரிசையாக இருந்தன. இத்தனை வருடமாகத் தினமும் இரண்டு வேளை அவள் துடைக்கிற நாற்காலிகள். அதில் ஒன்றில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. துடைக்கிறவர்கள் சாப்பிடுவதுகூட வாளிகள் வைக்கிற அறையில், நின்றபடிதான்.

ரத்தம் எடுக்கிற பெண் முதலில் வெறும் வயிற்று ரத்தத்தை எடுத்தாள். முழங்கை மடிப்பில் ஒரு குத்து, எறும்பு கடித்த மாதிரி. பிறகு ஒரு பெரிய டம்ளர் நிறையக் கரைத்த குளுக்கோஸைக் கொடுத்தாள்.

"அஞ்சு நிமிஷத்துக்குள்ள குடிச்சிடுங்க அக்கா. ரொம்ப இழுக்க வேண்டாம், மடக்குன்னு குடிக்கவும் வேண்டாம். வாந்தி எடுத்துட்டா இன்னொரு நாள் வந்து முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். எந்திரிச்சு நடக்காதீங்க. தாகம் எடுத்தா கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கலாம்."

"எலுமிச்சை பிழியலாமா?" என்று அண்ணன் பழத்தை நீட்டினான்.

"ரெண்டு சொட்டு. சார் யாரு, வீட்டுக்காரரா?"

"அண்ணன்" என்றாள் ஆணி. "வீட்டுக்காரரா இருந்தா பழத்த மறந்திருப்பார்."

முதல் வாய் இனித்தது. இரண்டாவதில் திகட்டியது. பாதி டம்ளருக்கு மேல் இறங்க மறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தை உள்ளே இறக்கினாள். சிறிது நேரத்தில் முகம் வெளிறியது, நெற்றி வேர்த்தது, வயிற்றைப் புரட்டியது. அண்ணன் துண்டை நனைத்துக் கழுத்தில் வைத்தான். "மூக்கால மூச்ச இழு. வாயத் திறக்காத. இத வெளிய விட்டா இன்னொரு நாள் இதே கண்றாவி." அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாகப் புரட்டல் அடங்கியது. அப்புறம் சட்டென்று வயிற்றைத் தொட்டுக்கொண்டு சிரித்தாள்.

"உதைக்குதுண்ணா. இதுக்கு மட்டும் இனிப்பு பிடிச்சிருக்கு."

ஒரு மணி நேரம் ஆனதும் இன்னொரு கையில் ரத்தம் எடுத்தார்கள். பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் சூப்பர்வைசர் மேடம் வந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து. அந்தச் சத்தம் கேட்டால் வராந்தாவில் மாப் பிடித்த கைகளெல்லாம் வேகம் எடுக்கும்.

"இங்கதான் இருக்கியா? நல்லதாப் போச்சு. எக்ஸ்ரே ரூம் வாசல்ல யாரோ வாந்தி எடுத்து வச்சிருக்காங்க. அஞ்சு நிமிஷ வேலை, வா."

"வர முடியாது மேடம். டெஸ்ட் நடக்குது."

"அதான் ரத்தம் எடுத்தாச்சே."

"இன்னொரு தடவை எடுக்கணும். அதுவரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

"போன தடவ எந்திரிச்ச, என்ன குறைஞ்சு போச்சு?"

"எம்பிள்ளைக்கு எலும்பு முறிஞ்சு போச்சு."

மேடம் இடுப்புச் சாவிக்கொத்தைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடங்குகிற மாதிரி, "நாங்கெல்லாம் சர்க்கரைத் தண்ணி குடிச்சிட்டு நாற்காலில உக்காந்தா புள்ள பெத்தோம்? நெறமாசத்துலயும் ரெண்டு கையில ரெண்டு வாளி தூக்கினவ நான்" என்றாள்.

"நீங்க தூக்கினீங்க. உங்கள யாராவது உக்காருன்னு சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"வாய் நீளுது. உன் இடத்துக்கு வாசல்ல பத்துப் பேர் நிக்கிறாங்க, தெரியுமில்ல?"

"தெரியும். அந்தப் பத்துப் பேர்ல ஒருத்தரக் கூப்பிட்டு எக்ஸ்ரே ரூம் வாசல்ல துடைக்கச் சொல்லுங்க. நான் இன்னைக்கு எழுதிக் குடுத்து லீவு எடுத்திருக்கேன். யூனிஃபார்ம் போடாத அன்னைக்கு நான் பேஷண்ட்."

குரலை உயர்த்தவில்லை. கைகள் இரண்டும் நாற்காலியின் ஓரத்தைப் பிடித்திருந்தன, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாடையை அண்ணன் கடைத்தெருவில் பார்த்திருக்கிறான்.

அவனுக்கோ உள்ளே கொதித்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். எழுந்தான். "மாப் எங்க இருக்கு? நான் துடைச்சிட்டு வர்றேன். விடுங்க, பிரச்சினை முடிஞ்சது."

"அண்ணா, உக்காரு."

"இல்லடி, அஞ்சு நிமிஷம்…"

"உக்காருன்னா உக்காரு. இன்னைக்கு நீ துடைச்சா, அடுத்த தடவை வேற எவளாவது உக்காந்திருக்கும்போது அவ அண்ணனும் வரணும். அண்ணன் இல்லாதவ என்ன பண்ணுவா?"

அண்ணன் உட்கார்ந்தான். கண்ணாடியை ஒட்டுகிற புட்டிப் பசை காய்வதற்குள் தொட்டால் எல்லாமே பெயர்ந்து வந்துவிடும் என்று உதவியாட்களைத் திட்டுகிறவன் அவன். அதைத் தனக்கே சொல்லிக்கொண்டு, பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ரத்தம் எடுக்கிற பெண் உள்ளேயிருந்து தலையை நீட்டி, "மேடம், அவங்க எந்திரிச்சா டெஸ்ட் வீணாயிடும்" என்றாள். மேடம் யாரையும் பார்க்காமல் போனை எடுத்தாள். கூப்பிட்டதும் மேல்மாடியிலிருந்து ஒருத்தி வாளியோடு இறங்கி வந்தாள். அவள் அங்கேதான் இருந்திருக்கிறாள். ஆணியைக் கூப்பிடுவது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

இரண்டு மணி நேரம் முடிந்து கடைசி ரத்தத்தையும் எடுத்த பிறகு ஆணி எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. முட்டையும் ரொட்டியும் வாசற்படியிலேயே தீர்ந்தன.

மறுநாள் ரிசல்ட் வந்தது. வெறும் வயிற்று அளவு சரியாக இருந்தது. ஒரு மணி நேரத்து அளவும் கோட்டுக்குள்தான், இரண்டு மணி நேரத்து அளவு மட்டும் கோட்டைத் தாண்டியிருந்தது. ஒன்று தாண்டினாலே போதும், கர்ப்பகாலச் சர்க்கரைதான் என்றார் டாக்டரம்மா. பயப்பட வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக, வேளை தப்பாமல் சாப்பிட வேண்டும், சாப்பிட்டதும் நடக்க வேண்டும், விரலில் குத்தி அளவு பார்த்துவர வேண்டும், அதிலும் அடங்காவிட்டால் ஊசி என்றார்.

விஷயம் வராந்தாவுக்கும் வந்தது. "பாத்தியா, உக்காந்து உக்காந்து சர்க்கரைய வரவழைச்சுக்கிட்டா" என்றாள் மேடம், நாலு பேர் காதில் விழும்படி.

"வரவழைக்கல மேடம். ஒளிஞ்சிருந்தத வெளிய கொண்டுவந்தேன்."

அன்றிலிருந்து சாப்பாட்டு வேளை வந்ததும் ஆணி வாளியை ஓரங்கட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, லேப் வாசல் நீல நாற்காலியில் வந்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். "பேஷண்ட் உக்கார்ற இடம்" என்றாள் மேடம். ஆணி தன் பரிசோதனை அட்டையை எடுத்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். இரண்டாவது வாரம் மேல்மாடிக்காரியும் டப்பாவோடு இறங்கி வந்தாள். அவளிடம் அட்டை எதுவும் இல்லை. அவளும் உட்கார்ந்தாள்.

குழந்தை பெண். தலை வந்தது, பின்னாலேயே தோளும் வழுக்கிக்கொண்டு வந்தது. அழுகைச் சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டபோது அண்ணன் வராந்தா ஜன்னலின் ஒரு கண்ணாடியை, அது ஆடுகிறதா என்று, காரணமே இல்லாமல் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் சாவிக்கொத்துச் சத்தம் வார்டுக்குள் வந்தது. மேடம் கட்டிலருகே நின்று, துணிச் சுருளை விலக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மூத்தவன் மாதிரி இல்லையே. இது சின்னதா இருக்கே."

"அதுக்குத்தான் உக்காந்தேன்" என்றாள் ஆணி. பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். "நீங்களும் உக்காருங்க மேடம்."

மேடம் உட்காரவில்லை. ஆனால் போகவும் இல்லை.