பிஞ்சுவுக்கு வைத்த நேர்த்தி

எங்கள் வீட்டில் ஒரு நாய் இரண்டு கிழமை இருந்தது. அதற்கு வெயில் ஆகாது, உறைப்பு ஆகாது, வெறுந்தரை ஆகாது. மெத்தையோடு வந்தது.

அது இஞ்சினியர் ஐயாவின் மனைவியுடைய நாய். அவரைத் துரைசாணி என்போம். கொழும்புக்காரர். பிள்ளைகள் இல்லை. நாயைத்தான் மடியில் வைத்திருப்பார். பூனையளவு உயரம். உடம்பு முழுக்க நீட்டு வெள்ளை மயிர்.

அப்போது நாங்கள் கிளிநொச்சிக்கு வந்து குடியேறி நாலு வருசம். அப்பாவுக்குக் குளத்தில் தண்ணீர் விடுகிற துருசுக் கதவைத் திறந்து பூட்டுகிற வேலை. ஐயாதான் மேலாள். நாங்கள் இருந்த வீடும் அந்த வேலையோடு கிடைத்தது. ஐயாவும் துரைசாணியும் கொழும்புக்குப் போக வேண்டி வந்து, நாயைப் பார்க்கச் சொன்னபோது, மாட்டோம் என்று சொல்ல வழியில்லை.

நாயின் பெயர் பிரின்சஸ். அம்மாவுக்கு அது வாயில் வரவில்லை. பிஞ்சு என்று கூப்பிட்டார். நாய் அதற்குத்தான் வாலாட்டியது.

துரைசாணி என் கையில் வெள்ளைப் பிடி போட்ட பிரஷ் ஒன்றைத் தந்தார். ஒவ்வொரு நாளும் அடிமயிர் வரைக்கும் வார வேண்டும் என்றார். எனக்கு ஒன்பது வயது. இடுப்பு வரைக்கும் தலைமயிர். அம்மாவுக்கு அதைவிட நீளம். கொண்டை போட்டால் தேங்காயளவு இருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே மரச்சீப்பு. அப்படிப் பிரஷ்ஷை நான் கண்டதில்லை. நாய்க்கு மேலால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மிச்ச நேரம் என் தலையை வாரினேன்.

பிஞ்சு இரண்டாம் நாளே மெத்தையை விட்டது. ஆட்டுக்கொட்டிலில் குட்டிகளோடு படுத்தது. மீன்குழம்புச் சோறு தின்றது. அம்மாவின் தம்பி, என் மாமா, அதைப் பார்த்துவிட்டு குடியேறினவர்களுக்குப் போல இனி இதற்கும் காணி குடுப்பார்கள் என்றார்.

பத்தாம் நாள் சோற்றை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. அடுத்த நாள் எழும்பவில்லை. மூக்கு காய்ந்து கிடந்தது. அப்பா முற்றத்தில் மேலும் கீழும் நடந்தார். நாய் செத்தால் வேலை போகும், வீடும் போகும் என்று எனக்கே விளங்கியது. அம்மா குளக்கட்டுப் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். அங்கே கண்ணகை அம்மன் கோயில்.

"அம்மாளாச்சி, இந்தச் சீவனைக் காப்பாத்து. முடி தாறன்."

எல்லோரும் என் தலையைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் நேர்த்திக்கு மொட்டை அடிப்பது பிள்ளைகளுக்குத்தான். நான் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெல்மூட்டைக்குப் பின்னால் போய் இருந்தேன். பிரஷ் கதையை ஒருவருக்கும் சொல்லவில்லை.

மாமாதான் கேட்டார். "அக்கா, ஆரின்ரை முடி எண்டு அம்மனிட்டைச் சொன்னனியே?"

"சொல்லேல்லை."

"பிறகென்ன? வருத்தம் நாய்க்கு. முடியும் நாயின்ரையே போகட்டும்."

"அம்மன் நாய்மயிர் வாங்குவாவோடா?"

"இவ்வளவு நாளும் கறுப்பு முடிதானே குடுத்தனாங்கள். வெள்ளையைக் கண்டால் சந்தோசப்படுவா."

மாமா கத்தரிக்கோலை எடுத்தார். மயிர் விழ விழ, கீழே தோல் தெரியவில்லை. உண்ணி. ஆட்டுக்கொட்டில் உண்ணி, ஒவ்வொன்றும் ஊதிப்போய் புளியங்கொட்டை மாதிரி. சிரட்டையில் மண்ணெண்ணெய் விட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் வாரியிருக்கிறாய், பிள்ளை."

அம்மாவிடமோ அப்பாவிடமோ என்னைக் காட்டிக்குடுக்கவில்லை.

மறுநாள் பின்னேரம் பிஞ்சு கஞ்சி குடித்தது. அடுத்த நாள் கொட்டிலுக்கு ஓடியது. உரித்த கோழி மாதிரி வந்து நின்றதை ஆட்டுக்குட்டிகளுக்கு அடையாளம் தெரியவில்லை. முட்டித் துரத்தின. அப்பாகூடச் சிரித்தார். அம்மன் காப்பாற்றினா என்றார் அம்மா. கத்தரிக்கோல் காப்பாற்றியது என்றார் மாமா.

நாய்மயிரைத் துணியில் முடிந்துகொண்டு அம்மா தனியே கோயிலுக்குப் போனார். கத்தரிக்கோலையும் எடுத்துப் போனார். ஏன் என்று கேட்டேன். பூ வெட்ட என்றார். திரும்பி வரும்போது சேலைத் தலைப்பால் தலையோடு ஒட்ட முக்காடு போட்டிருந்தார். அன்றிலிருந்து அதை எடுக்கவில்லை. வெயில் கூடிவிட்டது என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

துரைசாணி ஜீப்பில் வந்து இறங்கினார். பிஞ்சு பாய்ந்து போய்க் காலைச் சுற்றியது.

"இது யாருடைய நாய்?" என்று கேட்டார். பிறகு அதன் கண்ணைப் பார்த்தார். முகம் சிவந்துபோனது. அப்பா தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்தபடி நின்றார். அம்மா முன்னுக்குப் போய், வருத்தம் வந்ததையும், நேர்த்தி வைத்ததையும், முடி வெட்டியதையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னார். சொல்லிக் கும்பிட்டபோது முக்காடு சரிந்தது. அவசரமாக இழுத்து மூடினார்.

துரைசாணி ஏசத்தான் வாய் திறந்தார். ஏசவில்லை. நாயையும் பார்க்கவில்லை. அம்மாவின் தலையையே கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மனுக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

நான் பிரஷ்ஷை நீட்டினேன். வாங்கினார். கொண்டுபோகப் போகிறார் என்று பார்த்தால், அதை அம்மாவின் கையில் வைத்தார்.

"வளரும்" என்று மட்டும் சொன்னார்.

நாயைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.