வலப்பக்கத்து மூச்சு

என் அக்கா வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் பிரேக் மெக்கானிக். எங்கள் வட்டாரத்து ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து பாடும் கோரஸில் நூறு பேர் இருக்கிறோம். அதில் அவர் அடிக்குரல்காரர், பேஸ் என்போம். நான் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல். பகலில் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். என் குரல் சுமார், வாய் மட்டும் நீளம் என்பார் அத்தான். அவர் சொன்னால் எனக்குக் கோபம் வராது. மற்றவர்கள் சொல்லிப் பார்க்கட்டும்.

அவர் கோரஸுக்கு வந்ததே ஒரு ரிப்பேரால்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வயலின்காரர்களையும் செல்லோக்காரர்களையும் ஏற்றி வந்த பஸ், ஒத்திகை ஹால் வாசலிலேயே படுத்துவிட்டது. சரிசெய்ய வந்தவர் வேலை முடிந்து சாவியைக் கொடுக்க உள்ளே வந்தார். வந்தவர் கதவோரமாகக் கிரீஸ் கையோடு முக்கால் மணி நேரம் நின்றார். எங்கள் பேஸ் வரிசையில் ஒரு தபால்காரர் உண்டு. அவர்தான் கேட்டார்.

"என்னப்பா, பாடத் தெரியுமா?"

"தெரியாது."

"கத்தத் தெரியுமா?"

"டிப்போவில வேற என்ன பண்றோம்?"

அடுத்த வியாழக்கிழமை ஒத்திகைக்குக் கையைக் கழுவிக்கொண்டு வந்து தபால்காரர் பக்கத்தில் நின்றார். அதன்பிறகு ஒரே ஒரு வியாழன்தான் தவறியது, அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று. "எனக்காகப் பெரிய தியாகம் பண்ணின மாதிரி அதை இன்னும் சொல்லிக்காட்டுறாரு" என்று அவள் இன்றைக்கும் அலுத்துக்கொள்வாள்.

அத்தானுக்கு இசைக்குறிப்பு படிக்க வராது. ஒலிநாடாவில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வார். பஸ்ஸுக்கு அடியில் குழிக்குள் நின்றுகொண்டு, அர்த்தம் தெரியாத லத்தீனில் முழங்குவார். அதனால் டிப்போவில் அவருக்குப் பாதிரியார் என்று பெயர். "அங்க கண்டக்டர் நம்ம பேச்சைக் கேப்பாரு, இங்க குச்சி பிடிக்கிற கண்டக்டர் பேச்சை நாம கேக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார்.

பாட்டில் எங்கே நுழைவது என்பதுதான் கோரஸில் பெரிய பாடு. சிலர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே இருந்து நுழைவார்கள். சிலர் நடத்துபவரின் குச்சியைப் பார்த்து நுழைவார்கள். அத்தான் பக்கத்து ஆளின் மூச்சைக் கேட்டு நுழைகிறவர். தபால்காரர் பாடுவதற்கு முன் மூச்சு இழுத்தால் ஏர் பிரேக் விட்ட மாதிரி இருக்கும். அது கேட்ட மறுகணம் இவர் வாய் திறக்கும். பிசகியது அபூர்வம்.

நாலு வருஷத்துக்கு முன் டிப்போவில் கம்ப்ரஸர் குழாய் ஒன்று அவர் இடது காதோரம் வெடித்தது. காயம் ஆறிவிட்டது, காது போய்விட்டது. இனி வராது என்று டாக்டர் கையை விரித்தார். அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். "கோரஸ்ல மூச்சு விடக்கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். செவிடனுக்குப் பாட்டு எதுக்கு என்று அனுப்பிவிடுவார்களாம். அவருக்குச் சீட்டாட்டம் கிடையாது, அரட்டைக் கூட்டம் கிடையாது. வியாழக்கிழமை போனால் வாரத்தில் மிச்சம் ஒன்றுமில்லை. நல்ல காலம், பேஸ் வரிசை மேடையில் எங்களுக்கு இடது கோடி. அதிலும் கடைசி ஆள் அத்தான். நூறு பேரும் அவருக்கு வலப்பக்கம், தபால்காரர் உட்பட. கேட்காத காது சுவரைப் பார்த்துக் கிடந்தது.

போன வருஷம் கோரஸுக்குப் புது நடத்துனர் அம்மா வந்தார். சின்ன உருவம், தட்டையான செருப்பு, கையில் எந்நேரமும் கலர் டேப் சுருள். மூன்றாவது வாரமே வரிசையை மாற்றினார். தரையில் நீல டேப் ஒட்டி, பேஸ்காரர்களை வலது கோடிக்கு அனுப்பினார். உயரமான ஆள் என்று அத்தானை அங்கேயும் ஓரத்தில் நிறுத்தினார். ஒரே நாளில் நூறு பேரும் கேட்காத காதுப் பக்கம் போய்விட்டார்கள். வலப்பக்கம் டிம்பனி என்கிற பெரிய செப்பு முரசுகளும், அவற்றை வாசிக்கிற பல் டாக்டரும்தான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒத்திகையில் தப்பு செய்தவர் கையைத் தூக்க வேண்டும். 'நான்தான், எனக்கே தெரியும், மேலே போங்கள்' என்று அர்த்தம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பாட்டும் நிற்காது. இருபத்திரண்டு வருஷத்தில் அத்தான் கை தூக்கி நான் பார்த்தது நாலு தடவையோ ஐந்து தடவையோதான். அந்த ஒரு மாதத்தில் ஒன்பது தடவை தூக்கினார். நான் ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் கடைசி ஒத்திகை. இறந்தவர்களுக்காக எழுதப்பட்ட, இருநூறு வருஷத்துப் பெரிய பாட்டு. ஊரில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். அதன் முடிவில் ஆர்கெஸ்ட்ராவும் கோரஸும் உச்சத்துக்கு ஏறி, சட்டென்று நின்றுவிடும். முழு நிசப்தம். அது எவ்வளவு நேரம் என்பது நடத்துபவர் இஷ்டம். பிறகு எல்லாரும் சேர்ந்து ஆமென்.

நின்றோம். குண்டூசி விழுந்தால் கேட்கும். பல் டாக்டருக்கு அன்றைக்கு ஜலதோஷம். மூக்கை ஒரு இழுப்பு இழுத்தார். இழுத்ததுதான் தாமதம், அத்தான் தனியாக, ஹாலே அதிர, "ஆ" என்று எடுத்துவிட்டார். 'மென்'னுக்குப் போகுமுன் சுதாரித்துக்கொண்டார். கை தானாக மேலே போனது.

அந்த அம்மா குச்சியைக் கீழே வைத்தார். "கை தூக்கினது போதும் சார். இடைவேளையில என்னைப் பாருங்க."

நானும் பின்னாலேயே போனேன். கூப்பிடாத இடத்துக்குப் போவது என் பிறவிக் குணம். அத்தான் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"வயசாயிடுச்சும்மா. முன்ன மாதிரி முடியல. இந்தக் கச்சேரியிலேர்ந்தே நான் நின்னுக்கிறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வயசும் இல்ல, மண்ணும் இல்ல! அவருக்கு இடது காது கேக்காது. நாலு வருஷமா கேக்காது!"

அத்தான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அக்கா கல்யாணத்திலிருந்து இன்றுவரை அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை. சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நடத்துனர் அம்மா யோசிக்கக்கூட இல்லை. "எந்தக் காது, இடதா?" என்றார். நேரே மேடைக்குப் போனார். குனிந்து நீல டேப்பைப் பிய்த்தார், பேஸ் வரிசையின் மறுமுனையில் ஒட்டினார். "இங்க நில்லுங்க. பேஸ் மொத்தமும் உங்களுக்கு வலப்பக்கம். தபால்காரர் சார், நீங்க இவருக்குப் பக்கத்துல வாங்க."

"அவ்வளவுதானாம்மா?"

"வேற என்ன? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

பன்னிரண்டு அடி தூரம். நாலு வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததற்குப் பன்னிரண்டு அடி. ஆனால் அத்தான் சந்தோஷப்பட்ட மாதிரியே தெரியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. "சத்தியம் பண்ணிட்டு சபையில போட்டு உடைச்சிட்டியாமே" என்றாள் அக்கா. நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செய்தது சரி என்று எனக்கு அப்போதும் தெரியும். ஆனாலும் அழுகை வந்தது.

இதில் இன்னொரு கூத்து. புது வரிசையில் ஆல்ட்டோக்களின் கடைசி ஆள் நான். பேஸ்களின் முதல் ஆள் அத்தான். கச்சேரியன்று எண்ணூறு பேருக்கு முன்னால், பேசாத இருவரும் தோளோடு தோள் உரசி நின்றோம். அவர் கேட்காத காதுப் பக்கம் நான். அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

பாட்டு நன்றாகவே போனது. கடைசி நிசப்தம் வந்தது. அந்த அம்மா குச்சியைத் தூக்கியபடியே நின்றார். ஒத்திகையில் நின்றதைவிட இரண்டு பங்கு நேரம். நான் குச்சியைப் பார்க்கவில்லை, அத்தான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்துவிடாதீர்கள், திறந்துவிடாதீர்கள் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். தபால்காரரின் மூச்சு புஸ்ஸென்று எனக்கே கேட்டது. அத்தானின் ஆமென் மலை மாதிரி எழுந்தது. நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் சரியாக நுழைந்தார்கள். நான் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அத்தோடு விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பழக்க தோஷம், என் வலது கை மேலே போய்விட்டது. பதில் தெரிந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, நிறைந்த சபையில், கச்சேரி நடுவில்.

அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்வரத்தை விடவுமில்லை. பாட்டு ஃபைல் பிடித்திருந்த இடது கையாலேயே என் கையை அமுக்கிக் கீழே கொண்டுவந்தார். பாட்டு முடியும்வரை அந்த ஃபைல் என் மணிக்கட்டின் மேலேயே இருந்தது. மிச்ச ஆமென்களை நான் பாடினேன் என்று சொல்லமாட்டேன்.

கைதட்டல் ஹாலைப் பிளந்தது. எல்லாரும் குனிந்து நிமிர்ந்தோம். அந்தச் சத்தத்தில், "மன்னிச்சுக்குங்க அத்தான்" என்றேன்.

என் உதடு அசைந்ததை அவர் பார்த்துவிட்டார். தபால்காரருக்கும், பின் வரிசைக்கும், பல் டாக்டருக்கும் கேட்கும்படி, டிப்போவில் கத்துகிற குரலில் சொன்னார்.

"அந்தக் காது கேக்காதுன்னு நீதானே ஊருக்கே சொன்ன? இந்தப் பக்கமா வந்து சொல்லு!"