தலைமைக் கோச்சின் அறை வாசலில் லொரெட்டா

எங்கள் கல்லூரி ஃபுட்பால் அணிக்குத் தலைமைக் கோச்சாக யார் வந்தாலும், அவர் அறை வாசலில் உட்கார்ந்திருப்பவர் செயலாளர் லொரெட்டா வோசிகாதான். டிக்கெட் பிரிவில் இருந்த எனக்குத் தெரிந்தே ஐந்து கோச்சுகளிடம் வேலை பார்த்துவிட்டார். வருகிறவருக்கு முதல் நாள் பிளம் பழம் வைத்த கொலாச்சி பன் சுட்டுக்கொண்டு வருவார். நீக்கப்பட்டவர் ஊரைக் காலிசெய்யும்போது வீட்டுக்குப் போய், அவர் மனைவியோடு உட்கார்ந்து பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார்.

ராய்ஸ் டில்மன் கோச்சாக இருந்த மூன்றாவது வருடம் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. நவம்பரில், பரம எதிரியான பக்கத்து ஊர்க் கல்லூரியிடம் சொந்த மைதானத்திலேயே தோற்றார்கள். மறுநாள் ஞாயிறு. விளையாட்டுத் துறை இயக்குநர் ஹாஸ்கெல் லொரெட்டாவை அலுவலகத்துக்கு வரவழைத்தார். கீழே டிவி வேன் வந்து நின்றிருந்தது.

“ராய்ஸுக்கு போன் போட்டு ரெண்டு மணிக்கு வரச் சொல்லுங்க. அடுத்த சீசன் பத்திப் பேசணும்னு மட்டும் சொன்னா போதும்.”

“அடுத்த சீசனா? அவருக்கா?”

“லொரெட்டா, சொன்னதைச் செய்யுங்க. விஷயம் வெளிய போகக் கூடாது.”

“கீழ டிவிக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு. அந்த மனுஷனுக்கு மட்டும் தெரியக் கூடாதா?”

ராய்ஸுக்கு முன்பிருந்த கோச், தன்னை நீக்கிய செய்தியைக் கார் ரேடியோவில் கேட்டவர். பின் இருக்கையில் அவர் பிள்ளைகள் இருந்தார்கள்.

லொரெட்டா ஹாஸ்கெலின் எதிரிலேயே போனை எடுத்தார்.

“கோச், ரெண்டு மணிக்கு உங்களை வரச் சொல்றாங்க. நல்ல சேதி இல்ல. உங்க வீட்டுப் பசங்க போனைப் பார்க்கிறதுக்கு முன்னாடி நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க.”



“சரி லொரெட்டா. சட்டையை அயர்ன் பண்ணிட்டு வரேன்.”

மறுநாளே ஹாஸ்கெல் லொரெட்டாவை வண்டி நிறுத்த அனுமதி வழங்கும் பிரிவுக்கு மாற்றினார். அடித்தளத்தில் ஜன்னலில்லாத அறை. அபராதம் கட்ட வரும் மாணவர்களிடம் திட்டு வாங்குகிற வேலை. தனக்கு வருத்தமே இல்லை என்றுதான் என்னிடம் சொன்னார். ஆனால் மதியம் மைதானத்தைச் சுற்றி நடக்கும் வழக்கத்தை விட்டுவிட்டார்.

டிசம்பரில் கேசி டெம்கோ என்ற இளைஞர் கோச்சாக வந்தார். ராய்ஸோடு போனில் பேசியபோது லொரெட்டா செய்தது அவருக்குத் தெரியவந்திருக்கிறது. ஒரு காலை நேராக அடித்தளத்துக்கு இறங்கி வந்து நின்றார்.

“பார்க்கிங் பாஸா, கோச்?”

“நீங்கதான் வேணும். மேல வந்துடுங்க. என்னைத் தூக்குற அன்னிக்கு நீங்கதான் எனக்கு போன் பண்ணணும்.”

“வந்து ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள அந்த நினைப்பா? முதல்ல ஒரு மேட்ச் ஜெயிங்க!”

புதுக் கோச் கேட்பதை முதல் மாதத்தில் யாரும் மறுப்பதில்லை. ஹாஸ்கெலும் மறுக்கவில்லை. லொரெட்டா பழைய இடத்துக்கே திரும்பினார்.

முதல் வருடம் அணி பாதிக்கு மேல் ஜெயித்தது. ஊர்க்காரர்கள் கடைத்தெருவில் டெம்கோவை நிறுத்திக் கைகுலுக்கினார்கள். இரண்டாம் வருடம் வரிசையாக மூன்று தோல்வி. ஒரு ஞாயிறு காலை, ஊரைவிட்டுக் கிளம்பு என்று சொல்வதுபோல, அவர் வீட்டுப் புல்வெளியில் யாரோ ‘வீடு விற்பனைக்கு’ என்ற பலகையை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்த லொரெட்டா காரை நிறுத்தினார். ஹீல்ஸ் செருப்பு ஈர மண்ணில் புதைய, பலகையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி டிக்கியில் போட்டார். டெம்கோவின் மனைவி வாசலுக்கு வந்தார்.

“நாளைக்கு இன்னொண்ணு நடுவாங்க.”

“நடட்டும். டிக்கியில இடம் இருக்கு,” என்று சொல்லிவிட்டு, பூசைக்கு நேரமாகிவிட்டதென்று லொரெட்டா காரைக் கிளப்பினார்.