பூனைக்கு ஒரு காஜா

திரைச்சீலை தைக்கிறவளிடம் ஒரு கார் இருந்தது. பழசு. இவளுக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்தது. பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். பேட்டரியில் போகும்போது மூச்சுக் காட்டாது. முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாலும் தெருவில் ஒருவரும் திரும்ப மாட்டார்கள். அதனால் அதற்குப் பூனை என்று பேர். ஹாரன் அடித்தால் ஜனங்கள் பதறுகிறார்கள் என்று அவளே தலையை வெளியே நீட்டி, "கொஞ்சம் தள்ளிக்கங்க, பூனை வருது" என்பாள்.

கார் வைத்திருக்கிறாளே, வசதிக்காரி போல என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். அவளுடைய கடை, கிடங்கு, மத்தியானச் சாப்பாட்டு மேசை எல்லாமே அந்தப் பின் சீட்டுதான். வீடு வீடாகப் போய் ஜன்னல் அளப்பாள். துணி உருளைகளை ஏற்றி வந்து தைப்பாள். தைத்ததை ஏற்றிப் போய் ஏணி போட்டு மாட்டிவிட்டு வருவாள்.

அதற்கு முன்பு பல வருஷம் அண்ணன் துணிக்கடையின் பின்னறையில் தைத்தாள். அந்த அறைக்கும் ஒரு ஜன்னல் இருந்தது. அதை மறைத்துச் சரக்கு அடுக்கிவிட்டார் அண்ணன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டு வெளியே வந்திருப்பாள். தங்கச்சிதானே என்று சம்பளத்தை மறப்பார். தங்கச்சிதானே என்று லீவை மறப்பார். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்க மட்டும் மறக்க மாட்டார். உறவுக்காரன் முதலாளியாகிவிட்டால் கோரிக்கை வைக்க வாய் எழும்பாது. பூனை வந்த பிறகுதான் அவள் அந்த அறையை விட்டு வெளியே வந்தாள்.

இந்த வெயில் காலத்தில் பூனை படுத்தது.

மேட்டின் மேல் ஒரு மருத்துவமனை. அவளுடைய பெரிய வாடிக்கை. உருளைகளை ஏற்றிக்கொண்டு மேடு ஏறினால், தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் முன்பலகையில் சிவப்பு விளக்கு எரியும். கார் இழுக்காது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி ஓடும். மறுநாள் அதே திருப்பம், அதே விளக்கு.

மெக்கானிக் கருவியை மாட்டிப் பார்த்தான்.

"பேட்டரி சூடாவுதுக்கா. வயசாயிடுச்சு. புதுசு போட்டீங்கன்னா காரோட விலைய அது முழுங்கிடும்."

"பழசுல நல்லதா ஒண்ணு கெடைக்காதா, தம்பி?"

"கெடைக்கும். எத்தன நாளைக்குன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

சேதி அண்ணன் காதுக்குப் போனது. சாயங்காலமே வந்துவிட்டார். முகத்தில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில் கொஞ்சம் குஷியும் இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல? பெட்ரோலும் பேட்டரியும்னு ஒரு அடுப்புக்கு ரெண்டு சமையல்காரன வச்சா இப்படித்தான். அவன் பாத்துக்குவான்னு இவன் படுப்பான், இவன் பாத்துக்குவான்னு அவன் படுப்பான்."

"நீங்க உங்க கடைக்கு ஒரு ஆளாவது வச்சீங்களா, அண்ணா? என்னையத்தானே வச்சிருந்தீங்க."

"வாயப் பாரு. நாளைக்கு மத்தியானம் ஒருத்தன் வர்றான், பழைய கார் வாங்குறவன். கெடைச்சதுக்குத் தள்ளிவிட்டுட்டுக் கடைக்கு வந்து சேரு. உன் நாற்காலி அப்படியே இருக்கு."

அவளுக்கு அந்த நாற்காலி தெரியும். அதன் எதிரே இருக்கிற சுவரும் தெரியும். ஆனால் உருளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மேடு ஏற முடியுமா? மருத்துவமனை எத்தனை நாள் காத்திருக்கும்? "சரிண்ணா" என்றாள். அண்ணன் போன பிறகு வெகுநேரம் மெஷின் சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் தையல் பிரிக்கும் கத்தியோடு காருக்குள் ஏறினாள். காரைக் கொடுக்கலாம், சீட்டு உறையைக் கொடுக்க முடியாது. வேலை குறைவாக இருந்த மாதத்தில் கெட்டித் துணியில் அவளே தைத்துப் போட்டது. இரட்டைத் தையல், விளிம்புக்குப் பட்டி, ஒரு சுருக்கம் கிடையாது. பின் சீட்டுக்கு ஓரத்திலிருக்கிற பிளாஸ்டிக் பலகையையும் விடாமல் மூடியிருந்தாள். அங்கே வலை போட்ட ஒரு ஓட்டை. பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் என்று நினைத்தாள். குண்டூசி விழுந்தால் எடுக்க முடியவில்லை. ஊசி விழுகிற ஓட்டையைத் திறந்துபோட எந்தத் தையல்காரிக்கு மனசு வரும்? தைத்து அடைத்துவிட்டாள்.

இப்போது அதைப் பிரித்தாள். வலை முழுக்க நூல்பஞ்சு. விரலை விட்டு இழுத்தால் பாய் போல் சுருண்டு வந்தது. மருத்துவமனைப் பச்சை, தங்கும் விடுதியின் பழுப்பு, யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் அறைக்குத் தைத்த ரோஜா நிறம். வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். ஸ்பீக்கருக்குள் இவ்வளவு பஞ்சு எப்படிப் போகும்? போனை எடுத்தாள்.

"தம்பி, பின் சீட்டு ஓரத்துல வலை போட்ட ஓட்டை ஒண்ணு இருக்கே, அது என்ன?"

"பேட்டரிக்குக் காத்து போற வழிக்கா. உள்ள ஒரு ஃபேன் இருக்கு. ஏன்?"

"அத நான் தச்சு மூடிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "இருங்க. வேற எதிலயும் கைய வைக்காதீங்க. கரண்டு சமாச்சாரம். வர்றேன்."

வந்து பலகையைக் கழற்றி ஃபேனை வெளியே எடுத்தான். இறக்கைகளுக்கு நடுவே இம்மிகூட இடமில்லை.

"இத வச்சு ஒரு தலகாணியே தைக்கலாம்க்கா. பஞ்சு முன்னாடியே பாதி அடைச்சிருக்கு. மீதியை உங்க உறை அடைச்சிருச்சு."

"நீ அன்னிக்கே பாத்திருக்கக் கூடாதா?"

"பாத்தேனே! கம்பெனியில போட்ட உறைன்னு நெனச்சேன். நீங்க கொஞ்சம் மோசமா தச்சிருந்தா அன்னிக்கே கண்ணுல மாட்டியிருக்கும்."

அவளுக்குப் பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

"பேட்டரி பொழைக்குமா?"

"சூட்டுல எவ்வளவு கெட்டிருக்கோ. மேட்டுல ஏத்திப் பாத்தாத்தான் தெரியும்." பஞ்சையெல்லாம் உருவிவிட்டு ஃபேனை மறுபடி மாட்டினான்.

மத்தியானம் அண்ணன் முதலில் வந்தார். கார் வாங்குகிறவன் இன்னும் வரவில்லை. பின் சீட்டில் உருளைகள் மேற்கூரை வரை ஏறியிருந்தன.

"என்னம்மா இது, கொடுக்கிற காருல சரக்கு?"

"ஏறுங்கண்ணா. மேட்டுக்குப் போய்ட்டு வந்துரலாம்."

வெயில் கண்ணாடியில் அடித்தது. அண்ணன் முன்பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் சாலையை விட்டு எடுக்கவில்லை. மேடு தொடங்கியதும் பின்னாலிருந்து உய்யென்று ஒரு சத்தம்.

"போச்சு. அடுத்தது என்னமோ கழண்டுருச்சு."

"ஃபேன்ண்ணா. பேட்டரிக்குக் காத்து போவுது."

தண்ணீர்த் தொட்டி வந்தது. அவள் கை ஸ்டியரிங்கை இறுக்கியது. திருப்பம் முடிந்தது. விளக்கு எரியவில்லை. மருத்துவமனை வாசலில் நிறுத்திவிட்டு, அங்கேயே உட்கார்ந்து இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். எரியவில்லை.

"இன்னிக்கு ஏறிடுச்சு. நாளைக்கு?" என்றார் அண்ணன்.

"நாளைக்கு நின்னா நாளைக்குப் பாத்துக்குவோம்."

"வர்றவன்கிட்ட நான் என்னத்தச் சொல்றது?"

"பூனை விலைக்கு இல்லன்னு சொல்லுங்க."

"உன் நாற்காலி?"

"அவன்கிட்டயே அதக் குடுத்துருங்க, பாவம், வெறுங்கையோட போவானேன்."

அண்ணன் முறைத்தார். பிறகு இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்து ஒரு உருளையைத் தூக்கித் தோளில் வைத்தார். தங்கச்சி வேலைக்கு அவர் தோள் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் உறையை மறுபடி மாட்டினாள். ஓட்டைக்கு நேரே துணியை வெட்டி, சுற்றிலும் காஜா எடுத்தாள். பொத்தானுக்கு எடுப்பது போலவேதான், உள்ளங்கை அகலத்துக்கு. ஊசி விழாமலிருக்கக் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கழற்றி உதறுகிற மாதிரி வைத்தாள். உறை பழுப்பு நிறம். காஜாவுக்கு மட்டும் நல்ல சிவப்பு நூல் போட்டாள். இனிமேல் எவனும் அதைக் கம்பெனி வேலை என்று நினைத்துவிடக் கூடாது.