சுளகில் உருண்ட குண்டு

அப்பா ஆரியசாலைச் சந்தைக்கு ஓட்டிப்போகும் பழைய ஸ்கூட்டரில் இண்டிகேட்டர் சுவிட்ச் லூசாகி, எந்தப் பக்கம் தள்ளினாலும் நிற்காமல் ஆடியது. மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டிப் பரிசோதனை. தேறாவிட்டால் இரும்புக்குப் போட வேண்டியதுதான். வீட்டில் முதன்முதலாகக் காலேஜில் படித்தவன் நான் என்பதால் வேலை என்னிடம் வந்தது. கழற்றியதுமே, சுவிட்சைப் பிடித்து நிறுத்தும் மிளகளவு இரும்புக்குண்டு முற்றத்து மண்ணில் தெறித்து மறைந்தது.

அம்மா மண்ணைச் சுளகில் அள்ளி, கடுகு பிரிப்பதுபோல் சாய்த்துத் தட்டினாள். மண் தங்கியது, குண்டு உருண்டு வந்தது.

"இதொண்ணும் காலேஜில படிப்பிக்கல்லியா மக்களே?" என்று என்னைப் பார்த்தாள்.

"நீ அங்க படிப்பிக்க வரல்லியே அம்மா!"

குண்டை ஸ்பிரிங்கில் வைத்து மூடினேன். மறுநாள் ஆபீஸில் அப்பா சுவிட்சைத் தள்ள, அது டக்கென்று நின்றது, விளக்கும் மின்னியது. ஆனாலும் நம்பாமல், திரும்பும் பக்கம் கையையும் நீட்டிக் காட்டினார். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.